முத்துக்குளித்துறையில் டைப்ரைட்டர் வேட்டை

தூத்துக்குடியில் இரும்பு வைத்திருப்பவருக்கு நிம்மதி கிடையாது. ஒரு பக்கம் கடல். மற்ற பக்கங்களில் வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு இந்த ஒரு மாவட்டத்திலிருந்து போகிறது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கடை ஷட்டர் என எதையும் இந்த ஊர்க் காற்று சும்மா விடாது. அப்படிப்பட்ட ஊருக்கு, உள்ளும் புறமும் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளாலேயே ஆன பழைய டைப்ரைட்டரைத் தேடி ஒருவர் முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரருக்கு வந்தது.

"டைப்ரைட்டரா? அத வாங்கி என்ன சார் செய்யப் போறீய?"

"தட்டப் போறேன்."

வந்தவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். பெயர் போட வேண்டாம் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. ஆகவே இங்கே அவர் சென்னைக்காரர். தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்து, மேலே போய், கடைசியில் கணினியைப் பார்த்துக்கொண்டே ஓய்வுபெற்றவர். வீட்டில் ஒரு ரெமிங்டன், ஒரு ஹால்டா, ஒரு ஆலிவெட்டி லெட்டெரா 32 இருக்கின்றன. மூன்றும் மேசைமேல்தான், கண்ணாடி அலமாரியில் ஒன்றும் இல்லை. மளிகைச் சீட்டு, பேத்திக்குக் கடிதம், மாநகராட்சிக்குப் புகார் மனு எல்லாம் முறைவைத்து அவற்றில்தான் அடிக்கப்படுகின்றன. மாநகராட்சியில் அந்த மனுக்களைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள் என்பது அவருடைய நம்பிக்கை.

தூத்துக்குடியை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் கணக்கு உண்டு. துறைமுக ஊரில் ஏஜென்சி அலுவலகங்கள் இருந்திருக்கும். ஏஜென்சி என்றால் மேனிஃபெஸ்ட், பில் ஆஃப் லேடிங், ஷிப்பிங் பில் என்று அகலமான படிவங்கள். அகலமான படிவத்துக்குச் சாதாரண மெஷின் போதாது. கேரேஜ் நீளமாக இருக்க வேண்டும். வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கிடைக்காத அந்த நீளக் கேரேஜ் மெஷின் இங்கே எங்காவது ஒரு குடோனில் படுத்திருக்கும் என்பது முதல் கணக்கு. இரண்டாவது, நல்ல தமிழ் மெஷின் ஒன்று.

மேலைநாடுகளில் டைப்ரைட்டர் சேகரிப்பது என்பது பெரும்பாலும் ஓய்ந்துபோன பொருள்மேல் வைக்கும் பாசம். நடிகர் டாம் ஹாங்க்ஸ் பெரிய சேகரிப்பாளர். 2017-ல் அவர் வெளியிட்ட 'அன்காமன் டைப்' சிறுகதைத் தொகுப்பில் கதைக்குக் கதை ஒரு டைப்ரைட்டர் எட்டிப்பார்க்கும். நாவலாசிரியர் கார்மாக் மெக்கார்த்தி 1963-ல் அடகுக் கடையில் 50 டாலருக்கு வாங்கி நாவல் நாவலாகத் தட்டித் தேய்த்த லெட்டெரா 32, 2009 டிசம்பரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,54,500 டாலருக்குப் போனது. அதற்குப் பதிலாக நண்பர் ஒருவர் அதே மாடலை 20 டாலருக்கும் குறைவாக வாங்கிக் கொடுத்தார். மெக்கார்த்தி பாட்டுக்குத் தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தார். சேகரிப்பவருக்கும் உபயோகிப்பவருக்கும் உள்ள தூரத்தை அந்த இரண்டு விலைகளே சொல்லிவிடும்.

தமிழ்நாட்டில் அந்தத் தூரம் இன்னும் விழவில்லை. காரணம், லோயரும் ஹையரும்.

"டைப்பிங் முடிச்சிருக்கியா?" என்று கேட்டால் இங்கே "இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர்" என்று பதில் வரும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளுக்கு மக்கள் வைத்த பெயர் அது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்குப் போக அந்தச் சான்றிதழ் வேண்டும். அதனால்தான் உலகம் டைப்ரைட்டரைக் காட்சிக்கூடத்துக்கு அனுப்பிய பிறகும், இந்த மாநிலத்தின் சிறுநகரங்களில் மாடிப்படி ஏறினால் கையால் இயக்கும் மெஷின்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கில லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல் வேகம். 10 நிமிடத்தில் 1500 தட்டு. ஹையருக்கு 45 சொல்.

பாளையங்கோட்டை ரோட்டிலிருந்து ஒதுங்கிய ஒரு தெருவில் அப்படி ஒரு மாடி. படியேறும்போதே சத்தம் வந்துவிடுகிறது. இருபது மெஷினும் இருபது வேகத்தில். நடுநடுவே வரி முடிகிற மணி, கேரேஜைத் தள்ளுகிற கறக்முறக். சுவரில் சிவப்பு, நீலம், பச்சை என்று விரலுக்கு ஒரு நிறம் தீட்டிய கீபோர்டு படம். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று முணுமுணுத்தபடி பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கல்லூரி முடித்த பெண், தமிழில். அவளுடைய முதல் பாடம் ய ள ன க ப.

பயிற்சி கொடுப்பவரை மாணவர்கள் மேம் என்கிறார்கள். அவர் சென்னைக்காரரை ஜன்னலோரம் இருந்த தமிழ் மெஷினில் உட்கார வைத்தார். பச்சைச் சாம்பல் நிற ரெமிங்டன். எழுத்துகள் தேய்ந்து, கீ மூடிகள் விரல் பட்டுப் பட்டு வழவழத்துக் கிடந்தன. ஆங்கிலத்தில் அசுர வேகக்காரர் சென்னைக்காரர். தமிழில், ஊர்ப்பெயரை அடிக்க முயன்று இரண்டாவது எழுத்திலேயே நின்றார்.

"புள்ளிய முதல்ல அடிங்க சார். எழுத்து அப்புறம்."

தமிழ் மெஷினின் சூட்சுமம் அந்த வரியில் இருக்கிறது. டைப்ரைட்டரில் ஒரு கீயை அழுத்தினால் எழுத்து பதிவதோடு வேலை முடியாது. கீழே ஒரு பல் விடுபட்டு, ஸ்பிரிங் இழுத்து, கேரேஜ் ஓர் இடம் நகரும். புள்ளிக்கான கீ மட்டும் அந்தப் பல்லைத் தொடாது. புள்ளி விழும்; தாள் நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்து 'க'வை அடித்தால் அது புள்ளிக்குக் கீழே போய் உட்கார்ந்து 'க்' ஆகி, பிறகுதான் கேரேஜ் நகரும். எழுதும்போது எழுத்து முதலில், புள்ளி பிறகு, தட்டும்போது தலைகீழ். ஷிப்டை அழுத்தினால் 'க', 'கு' ஆகும். 'ம', 'மு' ஆகும். 'டி'க்கு மட்டும் தனிக் கீ. தூத்துக்குடி என்ற ஒரு சொல்லில் இந்த வித்தைகள் அத்தனையும் வந்துவிடுகின்றன. புதிதாகப் பழகுபவருக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. சென்னைக்காரர் அரைப் பக்கம் நிறைய தூத்துக்குடி அடித்தார். கடைசி இரண்டு வரிதான் தேறியது.

247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் கீயில் அடக்கிய மூளை, கடலுக்கு அந்தப் பக்கத்தில் பிறந்த ஒருவருடையது. ரா. முத்தையா 1886-ல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தார். பிழைப்புக்காக மலாயா, சிங்கப்பூர் என்று போனவர். அங்கே ஆங்கிலேய வணிக நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். நாள் முழுவதும் ஆங்கிலக் கடிதங்கள் மெஷினில் பறப்பதைப் பார்த்தவருக்குத் தமிழுக்கும் இது வேண்டும் என்று பட்டது. சுழிகளையும் கொம்புகளையும் பிரித்து, எதை நகர விடுவது, எதை நிறுத்தி வைப்பது என்று கணக்குப் போட்டார். மெஷினைச் செய்து கொடுத்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்டு நௌமன். 'ஐடியல்', 'எரிக்கா' டைப்ரைட்டர்களைச் செய்த அதே கம்பெனி. இன்று கணினியிலும் கைபேசியிலும் தமிழுக்கு எத்தனையோ விசைப்பலகைகள் வந்துவிட்டன. 1999-ல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்99-ஐ அரசு ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய டைப்ரைட்டர் அடுக்கில் பழகிய விரல்கள் அதை விட்டு இறங்க மறுக்கின்றன. அரசு அலுவலகங்களில் கணினி முன்னால் உட்கார்ந்து ய ள ன க ப முறையில் அடிப்பவர்கள் ஏராளம்.

சென்னைக்காரர் அந்தத் தமிழ் மெஷினை விலைக்குக் கேட்டார். மேம் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எந்தப் பக்கமாக ஆட்டினார் என்பது உடனே விளங்கவில்லை.

அப்போது உள்ளே வந்தவர்தான் மெக்கானிக். தோளில் ரெக்சின் பை. அதில் நீள மூக்குக் குறடு, பல் தேய்க்கும் பிரஷ், ஸ்கூட்டருக்குப் போடும் பெட்ரோல் ஒரு சின்னப் பாட்டிலில். இன்ஸ்டிடியூட் இன்ஸ்டிடியூட்டாக முறைவைத்துச் சுற்றுகிறார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. தேர்வு நெருங்கினால் தூக்கம் இருக்காது. மெஷின்களைச் சரிபார்த்து, வேனில் ஏற்றி, தேர்வு மையத்தில் இறக்கி, அங்கேயும் கூடவே நிற்க வேண்டும். பரிட்சை நடுவில் ஒரு எழுத்து மேலே ஒட்டிக்கொண்டால் பிள்ளையின் அரை வருஷம் போச்சு.

"இந்த ஊர்க் காத்துல மெஷின் எப்படி அண்ணாச்சி தாங்குது?"

"தட்டுற மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது சார். மூடி வச்சத பாருங்க, மூணே மாசத்துல கதை முடிஞ்சுரும்."

இது ஆறுதலுக்குச் சொன்னதாகத் தோன்றலாம். ஆனால் சாதனத்தைத் திறந்து பார்த்தால் காரணம் புரியும். எழுத்துக் கம்பிகள் எல்லாம் அரைவட்டமாக ஓர் உலோகப் பாளத்தில் சீப்புப் பல்போல் வெட்டிய மெல்லிய பள்ளங்களில் உட்கார்ந்திருக்கின்றன. கம்பிக்கும் பள்ளத்துக்கும் இடையே தாள் கனம்தான் இடைவெளி. உப்பும் ஈரமும் தூசியும் அங்கே இறங்கிப் பசையாகும். தினமும் தட்டினால் கம்பி அந்தப் பசையைத் தானே உதறிக்கொள்ளும்; சும்மா விட்டால் இறுகிவிடும். அப்போது வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஊற்றுவார். அதோடு தீர்ந்தது. பள்ளத்தில் எண்ணெய் கூடாது. பெட்ரோலோ ஸ்பிரிட்டோ தொட்டு பிரஷால் கழுவி, காயவிட வேண்டும். எண்ணெய், கேரேஜ் ஓடும் தண்டவாளத்துக்கும் சில மூட்டுகளுக்கும் மட்டும். அதுவும் ஊசிமுனை அளவு. ரோலருடைய ரப்பர் காய்ந்து கல்லானால், அடிக்கும் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாளை வைத்துக்கொள்வது மலிவான வைத்தியம்.

நீளக் கேரேஜ் பற்றிக் கேட்டதும் அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு காயலான் கடை இருக்கு. வாங்க, போய்ப் பாப்போம்."

பழைய துறைமுகம் பீச் ரோட்டில். இன்றைய பெரிய துறைமுகம் 1974 ஜூலை 11-ல் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, இப்போது வ.உ. சிதம்பரனார் பெயரில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஊரின் கடல் வாணிபம் முழுவதும் இந்தப் பழைய கரையில்தான். கரையோரம் ஆழம் இல்லை. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போட, சரக்கைத் தோணிகள் ஏற்றி இறக்கின. 1914-ல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் இங்கே வந்துதான் கப்பல் ஏறினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து வ.உ.சி. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்ததும் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களை ஓட்டியதும் இதே தண்ணீரில். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போகும் மரத்தோணிகளின் தொழில் இந்தக் கரையில் நெடுங்காலம் நிலைத்தது.

ஒவ்வொரு சரக்குக்கும் காகிதம் உண்டு. கஸ்டம்ஸுக்கு ஒன்று, ஏஜென்டுக்கு ஒன்று, கப்பல் மாஸ்டருக்கு ஒன்று, சரக்குக்காரருக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று. நடுவில் கார்பன் வைத்து ஒரே தட்டில் ஐந்தாறு படி எடுக்கும் வேலையில் டைப்ரைட்டரை வெல்ல எதுவும் இருக்கவில்லை. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் வந்தபோதுகூட, ஒற்றைப் படிவத்தை நிரப்ப அலுவலகத்தின் மூலையில் ஒரு மெஷின் இருந்துகொண்டேதான் இருந்தது. எல்லாம் கணினிவழிக்கு மாறிய பிறகுதான் அவை குடோனுக்கும், குடோனிலிருந்து காயலான் கடைக்கும் இறங்கின.

கடையில் அறுந்த சங்கிலி, துருவேறிய நங்கூரம், மின்விசிறி இறக்கைகளுக்கு நடுவே தார்ப்பாய் போர்த்திய ஒரு பொருள் இருந்தது. நீளத்தைப் பார்த்ததும் சென்னைக்காரர் முகம் மாறிவிட்டது. கடைக்காரர் தார்ப்பாயைப் பிரிக்க விடவில்லை. கிலோ கணக்கு, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு குறை சொல்லக் கூடாது.

முத்து ஏலமும் இந்தக் கரையில் இப்படித்தான் நடந்திருக்கிறது. குளியாளிகள் கொண்டுவந்து கொட்டிய சிப்பிகளை வாய் திறக்காமல் ஆயிரம் ஆயிரமாகக் கூறுபோட்டு ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்பது எடுத்தவர் பாடு. தொள்ளாயிரம் பார் போன்ற கடலடிப் பாறைத்திட்டுகளில் சிப்பி எப்போது விளையும், எப்போது மாயமாகும் என்று கணிக்க அரசாங்கமே திணறியது. ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் ஹார்னல் 1905-ல் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பற்றித் தனி அறிக்கையே எழுதினார். 1955-ல் மறுபடி தொடங்கிய குளிப்பு 1961-ல் நின்றது. அதற்குப் பிறகு பெரிய குளிப்பு இல்லை. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கு. அழகர்சுவாமி இங்கேயே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். சென்னைக்காரரின் சிப்பி அன்றைக்கு ஏமாற்றவில்லை. தார்ப்பாய்க்குள் இருந்தது ஒரு கோத்ரெஜ்.

இந்தியாவிலேயே செய்த முதல் டைப்ரைட்டரை 1955-ல் கொண்டுவந்த கம்பெனி அது. அதுவரை ரெமிங்டன், அண்டர்வுட் போன்ற வெளிநாட்டுப் பெயர்கள்தான் அலுவலகங்களை ஆண்டன. பிறகு சென்னையில் ராயலா கார்ப்பரேஷன் சுவீடன் நாட்டு ஹால்டாவை உற்பத்தி செய்தது. பெருங்குடியில் ஃபேசிட் ஏஷியா இயங்கியது. தென்தமிழ்நாட்டு இன்ஸ்டிடியூட்களில் இன்றும் இந்த நான்கைந்து பெயர்களே கண்ணில் படும். கோத்ரெஜ் 2009-ல் உற்பத்தியை நிறுத்தியது. 2011-ல் அந்தச் செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் கடைசி டைப்ரைட்டர் தொழிற்சாலை மூடப்பட்டதாகச் சுற்றி வந்தது. உற்பத்தி நின்ற மறு ஆண்டே, 2010 ஜூலையில், ரூபாய்க்குப் புதுக் குறியீடு வந்தது. ஆகவே இந்த மெஷின்களில் எதிலும் அந்தக் குறியீடு கிடையாது. சென்னைக்காரர் ஆங்கில 'ஆர்' அடித்து, ஓர் இடம் பின்னால் வந்து, அதன்மேலேயே சமக் குறியை அடித்து ஒப்பேற்றுகிறார். பார்க்க அத்தனை மோசமில்லை.

கடைக்காரரின் தராசில் மெஷின் ஏறியது. பேரம் நீண்டது, கடைசியில் டீக்காசு கழித்து முடிந்தது.

கேரேஜ் நகரவில்லை. அண்ணாச்சி பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்து, "பட்டை அறுந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார். கேரேஜின் ஓரத்தையும் ஸ்பிரிங் டப்பாவையும் இணைக்கும் மெல்லிய நாடா அது. அதுதான் கேரேஜை இடப்பக்கம் இழுக்கிறது. அறுந்தால் மெஷின் ஒரே இடத்தில் எழுத்தின்மேல் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கும். அசல் நாடா எங்கே கிடைக்கும் என்று சென்னைக்காரர் யோசிக்கத் தொடங்குவதற்குள் அண்ணாச்சி தெருமுனை வலைக்கடைக்குப் போய், பின்னல் நைலான் தூண்டில் கயிறு ஒரு முழம் வாங்கி வந்துவிட்டார். முனைகளைத் தீக்குச்சியால் சுட்டு இறுக்கி, ஒரு பக்கம் முடிச்சு, மறுபக்கம் கொக்கி. ஸ்பிரிங் டப்பாவைக் கட்டை விரலால் மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கொக்கியை மாட்டினார். கை நழுவினால் ஸ்பிரிங் முழுவதும் ஒரே உதறலில் அவிழ்ந்துவிடும். அந்த நேரம் யாரும் பேசவில்லை. விட்டார். கேரேஜ் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி மணியடித்து நின்றது. சுறாவைத் தாங்குகிற கயிறு, இதைத் தாங்காதா என்று கேட்டார். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் இந்த நாடாவுக்குப் பின்னல் தூண்டில் கயிற்றைப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் அவர்களுக்குத் தெருமுனையில் வலைக்கடை கிடையாது.

கழுவிக் காயவைக்க ஒரு நாள் வேண்டும் என்றார் அண்ணாச்சி. சும்மா இருக்கப் பிடிக்காமல் சென்னைக்காரர் தெற்கே பஸ் ஏறினார். பழையகாயல், முக்காணி, வெற்றிலைக்குப் பேர்போன ஆத்தூர். அங்கிருந்து கடலைப் பார்த்து உள்ளே போனால் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல். படகுகள், வலை உலர்த்தும் மணல், மீன்நாற்றம், ஊருக்கு மேல் நிமிர்ந்த கோயில். டைப்ரைட்டர் தேடி வந்தவருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். தமிழ் எழுத்தை உலோகத்தில் வார்த்த கதையில் இந்த மீனவர் ஊருக்கு முக்கிய இடம் உண்டு.

போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அன்றிக்கே அன்றிக்கஸ் 1540-களில் முத்துக்குளித்துறைக்கு வந்து, புன்னைக்காயலை இருப்பிடமாகக் கொண்டவர். அவர் பெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அச்சேறியது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுதான், 16 பக்கம். அதற்கு முன் 1554-ல் லிஸ்பனில் ஒரு தமிழ்ச் சிறுநூல் வந்திருந்தது, ஆனால் ரோமன் எழுத்தில். 1586-ல் அவருடைய பெரிய நூலான 'அடியார் வரலாறு' வந்தது. அது புன்னைக்காயலிலேயே அச்சானது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அச்சுக்கூடத்துக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். கடலில் மூச்சடக்கி எடுத்த காசு ஈயத்தில் எழுத்தானது.

அந்த முதல் நூலின் பக்கங்களைப் படத்தில் பார்த்தவர்களுக்கு உடனே ஒன்று உறுத்தும். மெய்யெழுத்துகளின்மேல் புள்ளி இல்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதாமலே விட்ட வழக்கம் அச்சிலும் அப்படியே தொடர்ந்தது. படிப்பவர்தான் இடம்பார்த்து 'க'வா 'க்'கா என்று முடிவு செய்ய வேண்டும். நாலு நூற்றாண்டு தாண்டி, அதே கரையில் ஓர் இன்ஸ்டிடியூட் மாடியில், புள்ளியை முதலில் அடி என்று பாடம் நடக்கிறது. சென்னைக்காரர் ஆற்றுமுகத்தில் நின்று அச்சுக்கூடம் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று தேடிப் பார்த்தார். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "எந்த ஆபீசு தேடுதிய?" என்று விசாரித்தார். விளக்கம் சொல்ல ஆரம்பித்துப் பாதியிலேயே இருவரும் மீன் விலைக்கு நகர்ந்துவிட்டார்கள்.

மறுநாள் மாலை கோத்ரெஜ் தயாராகிவிட்டது. கறுப்பும் சிவப்புமாகப் புது ரிப்பன் மாட்டியிருந்தார் அண்ணாச்சி. சோதனைக்கு ஏ முதல் இஸட் வரை அடித்துப் பார்த்தபோது சின்ன 'ஈ' அரைமயிர் கீழே இறங்கி விழுந்தது. 'டி'யின் குறுக்குக்கோடு வலப்பக்கம் தேய்ந்திருந்தது. அண்ணாச்சி குறட்டை எடுத்தார். சென்னைக்காரர் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். ஒவ்வொரு மெஷினின் எழுத்துக்கும் இப்படித் தனி அடையாளம் உண்டு. ஆர்தர் கோனன் டாயில் 1891-லேயே இதைக் கதையாக்கிவிட்டார். ஷெர்லாக் ஹோம்ஸ், கடிதத்தில் தேய்ந்த எழுத்துகளைப் பார்த்து அதை அடித்தவனைப் பிடிப்பார். நீதிமன்றங்களில் தட்டச்சு ஆவணங்களை ஒப்பிட நிபுணர்கள் பார்ப்பதும் இதே தேய்மானங்களைத்தான். லேசர் பிரின்டரில் வந்த பக்கத்தைப் பார்த்து அப்படி எளிதில் சொல்லிவிட முடியாது.

தேய்மானத்தையெல்லாம் சரிசெய்து புதுப்பெயின்ட் அடித்து வைப்பவர்களும் சேகரிப்பாளர்களில் உண்டு. அது அவரவர் விருப்பம். ஆனால் ஒரு துறைமுக அலுவலகத்தில் எத்தனையோ பேர் தட்டித் தேய்த்த 'டி'யை நிமிர்த்திவிட்டால் மிஞ்சுவது ஒரு பழைய மெஷின் மட்டும்தான்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர் மறுபடி மாடியேறினார். தமிழ் ரெமிங்டன் மேல் ஆசை போகவில்லை. மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் உறையைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். மேம் கோத்ரெஜைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கேரேஜை இரண்டு முறை ஓட்டினார். நீளம் பரிட்சைக்குத் தோதுப்படாது என்று உதட்டைப் பிதுக்கினார். தமிழ் மெஷின் பற்றிய கேள்விக்கு இந்த முறை பதில் தெளிவாக இருந்தது.

"ஆகஸ்ட் எக்ஸாமுக்கு அதுல நாலு பிள்ளைகள் இருக்காங்க சார். தர முடியாது. எங்களுக்கே மெஷின் பத்தல. புதுசு யாரும் செய்றதில்ல, பழச எல்லாம் உங்கள மாதிரி ஆள்கள் அழகுக்கு வாங்கிட்டுப் போயிருதாங்க."

"நான் அழகுக்கு வாங்கறதில்லம்மா. தட்டறேன்."

"வீட்டுல வேற என்ன வச்சிருக்கீங்க?"

சொன்னார். ஹால்டா என்றதும் மேம் நிமிர்ந்தார். ஸ்டாண்டர்ட் சைஸா, கேரேஜ் எத்தனை அங்குலம், ரோலர் எப்படி இருக்கிறது, டேபுலேட்டர் வேலை செய்கிறதா என்று கேள்விகள் வரிசையாக வந்தன. பதில் சொல்லிக்கொண்டே போனவர், தான் விற்பவர் இடத்துக்கு மாறிவிட்டதை அண்ணாச்சி சிரித்தபோதுதான் கவனித்தார். மேம் ஒரு விலை சொன்னார். காயலான் கடைக் கிலோ விலையைவிடக் கொஞ்சம் கூடுதல். சென்னைக்காரர் தலையாட்டினார். மேம் இன்னொரு இருநூறு ஏற்றினார். ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.